கிழக்கு ஓடை விதை

எண் இறங்கவே இல்லை.

ஒளிச்சேர்க்கையை அளக்கும் கருவியின் கவ்வியிலிருந்து இலையை எடுத்தாள். துடைத்தாள். மறுபடி பொருத்தினாள்.

அதே எண்தான்.

பாலித்தீன் கூடாரம் வெந்துகொண்டிருந்தது. கொடைக்கானல் மலையில் ஐம்பது வருடம் கழித்து அடிக்கப்போகும் வெயிலை இங்கே இப்போதே மூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே காட்டுநாவல் கன்றுகள். நான்கு காடுகளில் பொறுக்கிய விதை, நான்கு வரிசை. மூன்று வாரமாகப் பொட்டுத் தண்ணீர் கிடையாது.

இந்நேரம் இலைகள் வெளிச்சத்தில் உணவு சமைப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று வரிசை நிறுத்திவிட்டது. நான்காவதான கிழக்கு ஓடைக் கன்றுகள் மட்டும் கல்யாண வீடு மாதிரி சமைத்துத் தள்ளின.

கிடைத்துவிட்டதா!

தீயில் மொட்டையாகிப்போன சரிவில் எந்தக் கன்றை நட்டால் தாங்கும்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் வருடக்கணக்காக நாயாய் அலைகிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று!

சந்தோஷத்தில் கன்று நின்ற பையின் மண்ணைத் தொட்டாள்.

விரலில் ஈரம் ஒட்டியது.

அடுத்த பை. அதுவும் ஈரம்.

கூடாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த வெள்ளத்தாயைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளத்தாய் எதையும் மறைக்கவில்லை.

“மனசு கேக்கல மேடம். மொத மொத வாடுனது அதுகதான். தலையத் தொங்கப் போட்டுக் கெடந்துச்சுக. ஆளுக்குக் கொஞ்சம் ஊத்துனேன்.”

முதலில் வாடியவை.

அப்படியென்றால் நான்கிலும் நோஞ்சான் இதுதான். இதைப் போய் மலையேற்ற இருந்தாளே, பாவி!

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயைத் திறந்தாள். திட்டி என்ன ஆகப்போகிறது? இந்தப் புண்ணியவதி ஊற்றாமல் இருந்திருந்தாலும் பதில் மாறியிருக்காது.

நான்கும் தேறவில்லை.

அப்படியே கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள்.

“சரிவுல கொண்டுபோய் நட்டா, அங்க யாரு வந்து ஊத்துவா, அக்கா?”

“அங்க ஆளு எதுக்கு மேடம்? மழ பேஞ்சுக்கிடும்ல?”

கேலியில்லை. நிஜமாகவே கேட்டாள்.

வரப்போகும் வருடங்களில் மழை எவ்வளவு குறையும் என்ற கணக்கு இவளுக்கு மனப்பாடம். அதை வைத்துத்தான் இந்தக் கூடாரத்தையே அமைத்தார்கள். எத்தனையோ கூட்டத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். கை தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

வெள்ளத்தாய் துடைப்பத்தோடு நின்றாள். பதில் வாங்காமல் நகரமாட்டாள் போலிருந்தது.



இவள் கருவியை அணைத்தாள். மற்ற மூன்று வரிசையையும் பார்த்தாள். இலைகள் சுருண்டு ஓரம் கருகத் தொடங்கியிருந்தன.

“அதுகளுக்கும் ஊத்துங்கக்கா,” என்றாள்.