பாதி மீசை

“மீசையை எடுத்துடுப்பா.”

சலூன்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த சீப்பு நழுவித் தரையில் விழுந்தது.

“ஓரத்துல லேசா ஒதுக்கிவிடவா சார்?”

“ஒதுக்கவும் வேண்டாம், பதுக்கவும் வேண்டாம். சுத்தமா வழிச்சுடு.”

நாற்காலியில் இருந்தவர், எதிர்ச்சாரியில் உள்ள வங்கித் தலைமை அலுவலகத்தின் மேனேஜர். இருபது வருஷமாக இந்தக் கடைக்குத்தான் வருகிறார். அவர் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் மீசை வரும் என்று கடையில் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட மீசையை வழிக்கச் சொல்கிறார், அதுவும் இன்றைக்குப் பார்த்து!

வங்கிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கவிழ்ந்துகொண்டிருந்த வாரம் அது. கடைக் கண்ணாடியிலேயே தெரிந்தது. எதிரே பணம் எடுக்க வந்தவர்களின் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. அந்த வங்கியின் பங்குகள்தான் சலூன்காரரின் மொத்தச் சேமிப்பும். வாடகைக் கடையைச் சொந்தமாக வாங்கிவிட வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். ஐம்பதுக்கு வாங்கிய பங்கு, இன்று காலை எட்டில் வந்து நின்றது.

வாங்கு என்று மேனேஜர் சொன்னதே இல்லை. “பங்கைப் பத்தி மட்டும் என்கிட்ட கேட்டு என் வேலைக்கு உலை வச்சுடாதே” என்பார். சலூன்காரரும் கேட்டதில்லை. கேட்பானேன், அதுதான் தலை சொல்லிவிடுமே! சாய்ந்ததும் மேனேஜர் குறட்டை விட்டால் வங்கி நன்றாக இருக்கிறது. கழுத்து விறைத்திருந்தால் எங்கோ கணக்கு உதைக்கிறது. இந்த ஜோசியத்தை நம்பித்தான் பங்கை வாங்கினார். இரண்டு மாதமாகக் கழுத்து மரக்கட்டையாக இருந்தும், போட்ட பணத்தை விட மனசு வராமல் வைத்திருந்தார்.

இன்று பார்த்தால் கழுத்து பஞ்சாக இருந்தது. மேனேஜர் சீட்டி வேறு அடித்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் மீசை இடித்தது.

“என்ன சார் திடீர்னு?”

“பதினோரு மணி வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. அப்புறம் ஊருக்கே தெரிஞ்சிடும்.”

மணி பத்தே முக்கால். அப்போதுதான் சலூன்காரர் கதவோரம் இருந்த பெட்டியைக் கவனித்தார்.

“பெட்டியெல்லாம் இருக்கு?”

“இப்படியே கிளம்பறேன். வீட்டுக்காரி ஸ்டேஷன்ல காத்துக்கிட்டிருக்கா. எங்க போறோம்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் சொல்லலை.”

சலூன்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அடையாளத்தை மாற்றிக்கொண்டு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, மனிதர் கம்பி நீட்டப் போகிறார்! பதினோரு மணிக்கு வங்கிக்கு மூடுவிழா. வேறென்ன?

வலது பக்கத்தை எப்படியோ வழித்து முடித்தார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

“ஒரு நிமிஷம் சார், பிளேடு மக்கர் பண்ணுது. மாத்திட்டு வந்துடறேன்.”

“அடப்பாவி, பாதி மீசையோட உக்கார வச்சிட்டுப் போறியே! யாராவது பாத்தா என்ன ஆகறது?”

தடுப்புக்குப் பின்னால் போய் மனைவிக்குப் போன் போட்டார். பங்கு விற்பது, வாங்குவது எல்லாம் அவள் போனில்தான். இவர் தொட்டால் அது பாட்டு பாடும்.

“எல்லாத்தையும் வித்துடு. இப்பவே.”

“எட்டுக்கா? போன மாசம் முப்பதுக்கு வித்துடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?”

“இப்ப எட்டாவது கிடைக்கும். பதினோரு மணிக்கு மேல அந்த எட்டும் கிடைக்காது.”

“யாரு சொன்னா?”

“மீசை சொல்லுச்சு.”

“என்னது? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“தாயே, உன் காலைப் பிடிச்சுக்கறேன். கேள்வி கேக்காம வில்லு!”

மறுமுனையில் அவள் முணுமுணுப்பது கேட்டது. பிறகு, “வித்தாச்சு. ஒரு பங்குகூட மிச்சமில்லை. இந்த நேரத்துல இதை வாங்கவும் ஆள் இருக்கானே, எந்த ஏமாளியோ!” என்றாள்.

சலூன்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடை வாங்க முடியாது, சரி. கடைக்கு ஒரு புதுக் கதவாவது போடலாம். யாரோ ஒரு ஏமாளியின் தலையில் கட்டிவிட்டோமே என்று கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. அந்தச் சங்கடத்தோடே வந்து மீதி மீசையையும் மளமளவென்று வழித்தார்.

கண்ணாடியில் தெரிந்த முகம் மேனேஜரின் தம்பி முகம்போல இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. எதிரே வரிசையில் பெரிய கூச்சல் எழுந்தது. ஆனால் யாரும் கல்லெடுத்து எறியவில்லை. கைதட்டினார்கள். வரிசை கலைந்து வீட்டுக்குப் போக ஆரம்பித்தது.

“என்ன சார் இது, எல்லாரும் சிரிச்சுக்கிட்டே போறாங்க?”

“அப்பாடா, இனிமே பேசலாம்.” மேனேஜர் வழவழத்த மேலுதட்டை வருத்தத்தோடு தடவிக்கொண்டார். “போன வாரம் மீட்டிங்ல வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, ‘இந்த நிலைமையில நம்ம பங்கை எவனாவது அறுபது கொடுத்து வாங்கினா நான் மீசையை எடுத்துக்கறேன்’னு எல்லார் முன்னாடியும் சவால் விட்டுத் தொலைச்சேன். நேத்து ஒரு பெரிய வங்கி நம்ம பங்கு மொத்தத்தையும் அதே அறுபதுக்கு வாங்கிக்கறதாக் கையெழுத்துப் போட்டுடுச்சு. இது மறுபடி முளைக்கிற வரைக்கும் ஆபீஸ் பக்கம் தலைகாட்ட முடியாதுன்னுதான் பெட்டியைத் தூக்கிட்டேன். என் மீசை போனா போவுது, நீதான் நம்ம பங்கு நிறைய வச்சிருக்கியே, இனி இந்தக் கடை உன்னோடதுப்பா!”