கதவருகே பத்து நொடி

காப்பகத்திலிருந்து பதினெட்டு வயதில் வெளியே வந்த நான்கு பெண்களுக்கு அந்த வீடு. முப்பது நாள் யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்காமல் இருந்தால், தனி வீட்டுக்குத் தயார் என்று வீடே முடிவு செய்யும். கேட்டுவிட்டால் மறுபடி முதல் நாள். கதவின் முன்னால் பத்து நொடி காத்து நின்றாலும் கேட்டதாகத்தான் அர்த்தம்.

மெர்லின் ஐந்து தடவை முதல் நாளுக்குத் திரும்பியவள். ஃபிரிட்ஜ் முன்னால் இரண்டு, குளியலறை முன்னால் மூன்று. இன்று முப்பதாம் நாள். வாசலைத் தாண்டினால் போதும், தனி வீடு கிடைக்கும். காப்பகத்தில் இருக்கும் தங்கையைக் கூட்டிக்கொள்ளலாம்.

பையோடு வந்தவள் திறந்திருந்த கதவின் முன்னால் நின்றுவிட்டாள். காப்பகத்தில் யாராவது "போ" என்றால்தான் வாசலைத் தாண்டிப் பழக்கம்.

வீடு நொடிகளை எண்ணத் தொடங்கியது; சுவரில் எண்கள் ஓடின. மூன்று. நான்கு.

சமையலறையிலிருந்து பார்த்த அறைத்தோழி ஃபர்சானா, "போடி" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். அதையும் அனுமதி என்றே வீடு எடுத்துக்கொள்ளும்.

ஏழு.

"ஏய் திருட்டுக் கழுத! என் செருப்ப மாட்டிக்கிட்டா கெளம்புற? கழட்டுடி!"

"இது என்னோடதுடி லூசு!"

"யார்கிட்ட கத விடுற?" துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஃபர்சானா ஓடி வந்தாள். மெர்லின் பையைக் கட்டிப்பிடித்தபடி தெருவுக்கே ஓடிவிட்டாள்.

மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோது, ஃபர்சானா வாசலில் நின்று துடைப்பத்தை ஆட்டி டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.