தாய் அனுப்பிய விருந்தினர்

2024 மே 11, சனிக்கிழமை. வானம் தெளிந்து இளவெயில் காய்ந்தது.

மகளின் சுற்றுலா வழிகாட்டி வேலையை எந்நாளும் இகழ்ந்துவந்த தாய் புஸ்பவதியே, ஜெர்மனியின் ஹைடல்பேர்க் பழைய நகரைச் சுற்றிப்பார்க்கத் தமிழ்த் தம்பதியரை அனுப்பியிருந்தாள். தாயின் மனம் மாறிவிட்டதென்று அகமகிழ்ந்த மிதுசா, விளக்கங்களையெல்லாம் தமிழில் மனனம் செய்து வந்திருந்தாள்.

"இதுதான் பழைய பாலம், அன்ரி. பாருங்கோ."

"பாலத்துக்கு முன்னாலை நில்லுங்கோ பிள்ளை, ஒரு படம் எடுப்பம். கண்ணாடியைக் கழட்டுங்கோ."

"பாலத்தை மட்டும் எடுக்கலாமே?"

"பாலம் எங்கை ஓடப்போகுது!"

சுற்றுலா இனிதே முடிந்தது. வழிகாட்டியென்று தெரிய உயர்த்திப் பிடித்திருந்த குடையை மிதுசா மடக்குகையில், அந்த அம்மையார் கைப்பேசியில் பேசுவது காதில் விழுந்தது.

"புஸ்பவதி அக்கா, படத்தைப் பார்த்த எங்கடை மகனுக்கும் பிள்ளையைப் பிடிச்சிட்டுது. கலியாணத்துக்குப் பிறகு இந்த வேலையை விட்டிடுவா எண்டு நீங்கள் சொன்னது சொன்னதுதானே?"

அப்போது பிற்பகல் மணி நான்கு பத்து.