இருட்டறையில் இரைச்சல்

பட்டப்பகலில் கதவைச் சாத்தி, சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒரு சின்னப் பெண்ணோடு உள்ளே உட்கார்ந்துகொண்டால் திருப்போரூர் சும்மா இருக்குமா? காலேஜ் புரொபசர் ஜானகிராமனுக்கும் அவர் மாணவி விஷாகாவுக்கும் தெரு என்றைக்கோ முடிச்சுப் போட்டுவிட்டது. அவர் மனைவி சுந்தரவல்லி மாமி மட்டும், "அவருக்கு லேசரைத் தவிர யார் மேலயும் ஆசை கிடையாது, என்னையும் சேர்த்துத்தான்" என்று சிரிப்பாள்.

அன்றும், "ஞாயித்துக்கிழமைகூடவா? மத்தியானம் சாப்பிடவாவது வாங்கோ" என்றாள்.

"நாளைக்கு டெல்லிலேர்ந்து கமிட்டி வரது. இரைச்சல் போகலேன்னா லேபை இழுத்து மூடிடுவா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் பாஷையில் இரைச்சல் என்றால் சத்தமல்ல, வேண்டாத வெளிச்சம். லேசரை ஒரு படிகத்துக்குள் செலுத்தினால் ஒளித்துகள்கள் ஜோடி ஜோடியாக வெளியே வர வேண்டும். துணையில்லாமல் ஒற்றையாக வந்து நிற்பதெல்லாம் இரைச்சல்.

அதை ஒழிக்க மனுஷர் செய்யாத கூத்தில்லை. போன் மணியடித்தால் கண்ணாடிகள் அதிர்கின்றன என்று மணியைக் கழற்றி எறிந்துவிட்டு, பதிலுக்கு, அழைப்பு வந்தால் விட்டு விட்டு மின்னுகிற ஒரு குட்டி விளக்கு வைத்தார். அப்புறம் விளக்கும் ஆகாது என்று போனையே மேசைக்குப் பின்னால் தள்ளி, கறுப்புத் துணி போட்டு மூடினார்.

"சார், மறுபடியும் வந்துடுச்சு!" அன்று மத்தியானம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த விஷாகா கத்தினாள். "ரெண்டு துள்ளல், கொஞ்சம் கேப், திரும்ப ரெண்டு துள்ளல். காலையில இது இல்லவே இல்ல சார்."

"படிகத்துக்குச் சூடு பத்தலைம்மா. ஏத்து."

ஏற்றினாள். "நின்னுச்சு சார்... ஐயோ, இல்ல. வருது."

பில்டரை மாற்றினார்கள். படிகத்தை மயிரிழை திருப்பினார்கள். அது பாட்டுக்கு நின்று நின்று வந்துகொண்டே இருந்தது. "சனியன், விடமாட்டேங்கறதே!" என்று ஜானகிராமன் தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் இன்னொரு தடவை சூட்டைக் கூட்டியபோது அது நின்றது. வெகுநேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வரவே இல்லை.

"ஒழிஞ்சுது!" மனுஷர் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். "முதல்ல மாமிகிட்டப் போய்ச் சொல்லணும். பாவம், மகாபலிபுரம் மகாபலிபுரம்னு எத்தனை நாளாக் கேட்டுண்டிருக்கா."

கதவைத் திறந்தால் வாசலில் பக்கத்து வீட்டு மோகன். சட்டை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"என்ன மோகன், தெரு உன்னை வேவு பார்க்க அனுப்பியிருக்கா?"

மோகன் சிரிக்கவில்லை. "மாமிக்கு நெஞ்சு வலி சார். நானும் வூட்டுக்காரியும் ஆட்டோல போட்டுகினு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உங்க குரல ஒரு வாட்டி கேக்கணும்னு ஒரே அழுவை. மத்தியானத்துலேர்ந்து பூத்துலயே நின்னுகினு, இங்கதான் சார் விடாம போன் போட்டேன். மணி போவுது, யாரும் எடுக்கல."

ஜானகிராமன் மெல்லத் திரும்பினார். மேசைக்குப் பின்னால் கறுப்புத் துணி ஓரம் விலகிக் கிடந்தது.

"எப்போ... எப்போ நிறுத்தினே?"

"மாமி போயிட்டப்புறந்தான் சார்."