மிச்ச ஆறு இலக்கம்

“0.7931034. என்ர விதிப்படி 0.8 இருக்கோணும். இந்தச் சோடி சரிவராது, தம்பி!”

தேவராஜா அங்கிள் புதிய கல்குலேற்றரைச் சிறிதரனின் மூக்குக்கு நேரே நீட்டினார். 1976இல், கடல் கடந்து குடியேறிய மல்கிரேவ் புறநகர்த் தமிழ் வீடுகளுக்குள் வந்த முதல் கல்குலேற்றர் அது. வாங்கிய நாளிலிருந்து அவருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அவருடைய மகள் ராதாவும் சிறிதரனும் ஒரே ரயிலில் வேலைக்குப் போய்வந்து மனம் ஒத்துப்போனவர்கள். இன்றைக்குத்தான் பெண் கேட்டு வந்திருந்தான்.

ஜாதகக் குறிப்பில் உள்ள கிரகபாவப் புள்ளிகளை அங்கிளின் மனைவி யோகராணி அன்ரிதான் துண்டுக் கடுதாசியில் எழுதிக் கொடுத்திருந்தார்: 23, 29. ஒன்றை மற்றதால் வகுத்துப் பொருத்தம் பார்ப்பது அங்கிளின் சொந்தக் கண்டுபிடிப்பு. எந்தச் சாத்திரியாரும் கேள்விப்படாதது.

சிறிதரன் பெயின்ற் தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் அளந்து அளந்தே பிழைப்பவன். விடுவானா?

“அங்கிள், ஊரிலை பிறந்த நேரத்தை ஆர் மணிக்கூடு பார்த்துக் குறிச்சது?”

“ஆர் பார்த்தது! ‘ஆறு மணியளவில்’ எண்டுதான் எல்லாற்றை குறிப்பிலையும் கிடக்கும்.”

“அப்ப 23 எண்டது 22ஆயும் இருக்கலாம், 24ஆயும் இருக்கலாம். அளவு குத்துமதிப்பெண்டால் விடையும் குத்துமதிப்புத்தான். ஒரு இலக்கத்தைத்தான் நம்பலாம். 0.8 எண்டு எழுதுங்கோ.”

“மிச்ச ஆறு இலக்கமும்?”

“மெசின்ரை புழுகு, அங்கிள்.”

“மெசின் புழுகாது! பொம்பிளை கிடைக்கோணுமெண்டு நீர்தான் புழுகிறீர். இந்தப் புள்ளியோட கட்டினதுகள் மூண்டு வருசம் ஒண்டா இருக்காதுகள். எழுதி வையும்!”

கதவுக்குப் பின்னால் நின்ற ராதாவின் முகம் சுருங்கிப்போனது. சிறிதரன் கதிரையை விட்டு எழுந்தான்.

குசினியிலிருந்து அன்ரி தேத்தண்ணியோடு வந்தார். தட்டில் கட்டுப் பிரிக்காத இரண்டு குறிப்புக் கொப்பிகளும் இருந்தன.

“இருங்கோ தம்பி, தேத்தண்ணியைக் குடியுங்கோ” என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். “இஞ்சேருங்கோ, பிள்ளையளின்ரை குறிப்பு இந்தா கிடக்கு, நான் இன்னும் பிரிக்கேல்லை. உங்களுக்கு எழுதித் தந்தது உங்கடையும் என்ரையும். கட்டி இருபத்தாறு வருசம். மூண்டாம் வருசமே நான் போயிருக்கோணுமோ?”

தேவராஜா கல்குலேற்றரை மெதுவாக நிறுத்தினார். பிறகு பேனாவை எடுத்து, அந்தத் துண்டுக் கடுதாசியில் கொட்டை எழுத்தில் ‘0.8’ என்று எழுதினார்.