மணமகள் எந்தப் பக்கம்?

"இந்தப் பக்கம் இல்லம்மா, அந்தப் பக்கம்! மாப்பிள்ளைக்கு இடது பக்கம்!"

உபதேசியார் சவரிமுத்து மூன்றாவது தடவையாகக் கத்தினார். மணப்பெண் தினுஷா நகரவில்லை. கஜீபனின் வலது பக்கத்தில், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றாள்.

விடிந்தால் கல்யாணம். கஜீபன், சவரிமுத்துவின் ஒரே மகன். மாத்தளைப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் முப்பது வருடமாக எத்தனையோ ஜோடிகளுக்குக் கல்யாண ஒத்திகை நடத்தியவர், வரப்போகும் சொந்த மருமகளிடம் மாட்டிக்கொண்டு முழித்தார்.

ஒத்திகையின் முதல் சுற்றில் ஒழுங்காகத்தான் இடது பக்கம் நின்றாள். வாக்குறுதியையும் மெல்லிய குரலில் சொல்லி முடித்தாள். கஜீபன் பாட்டுக்குப் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "டேய், அவ சொல்லி முடிச்சிட்டா! பராக்குப் பாக்காம மோதிரத்த எடுடா!" என்று இவர் அதட்டிய பிறகுதான் திடுக்கிட்டு எடுத்தான். உடனே தினுஷா சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் நின்றுவிட்டாள். அதோடு சரி, அசைய மாட்டேன் என்கிறாள்.

"இங்க பாரும்மா," சவரிமுத்து குரலைத் தணித்தார். "நம்ம கல்யாணத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு. மோதிரம் ஏன் வட்டமா இருக்கு? அன்புக்கு முடிவே இல்லங்கிறதுக்கு. வெள்ளை உடுப்பு, மனசு சுத்தம்ங்கிறதுக்கு. பொண்ணு ஏன் இடது பக்கம்? அந்தக் காலத்துல மாப்பிள்ள வலது கையில வாள் புடிப்பான். எவனாவது பொண்ணத் தூக்க வந்தா வெட்டணும்ல? அதுக்குத்தான் அந்தக் கை சும்மா இருக்கணும்."

"நாளைக்கு யாரு மாமா என்னயத் தூக்க வரப்போறா?"

பின்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா சந்திரகாந்தா களுக்கென்று சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

சவரிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். பெண் வீட்டார் பல்லேபொலயில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் சைவக் குடும்பம். தினுஷா போன ஈஸ்டருக்குத்தான் ஞானஸ்நானம் வாங்கியிருந்தாள். ஒருவேளை அவர்கள் முறை இப்படியோ?

"சம்பந்தி, உங்க பக்கம் பொண்ணு வலது பக்கம் நிக்கணும்னு ஏதாவது இருக்கா?"

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க. எனக்கே ஒண்ணும் வெளங்கல."

சவரிமுத்து மறுபடி தினுஷாவிடம் திரும்பினார்.

"அப்ப போட்டோவுக்கா? இந்தப் பக்கம் நின்னா மொகம் நல்லா விழுமா?"

"இல்ல மாமா."

"இப்பவே எம் மகன அடக்கி வைக்கப் பாக்குறியா?"

"ஐயையோ, இல்ல மாமா!"

"பின்ன என்னதாம்மா?"

தினுஷா கஜீபனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான். அதைச் சவரிமுத்து பார்த்துவிட்டார். என்னமோ இருக்கிறது. இரண்டு பேருக்கும் தெரிகிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. தாயில்லாத பிள்ளையென்று தோளில் போட்டு வளர்த்தவன், தன்னிடமே மறைக்கிறான்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. காரணத்தச் சொன்னா, வலது பக்கமே நிக்கட்டும். நானே ஃபாதர்கிட்ட பேசுறேன். சொல்லாட்டி, நாளைக்கு நான் இந்தக் கோயில் படி ஏற மாட்டேன். அப்பன் இல்லாம கல்யாணத்த முடிச்சிக்குங்க!"

குடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தே விட்டார்.

"மாமா, நில்லுங்க!" தினுஷா ஓடிவந்து மறித்தாள். கண் கலங்கியிருந்தது. "அவருக்கு இடது காது கேக்காது மாமா. உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. மொதல்ல நான் சொன்னது ஒண்ணுமே அவருக்கு விழல. நாளைக்கு நான் சம்மதம்னு சொல்றத அவரு கேக்கணும். அவ்வளவுதான் மாமா."

சவரிமுத்து அப்படியே நின்றார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத மகனைத் திமிர் பிடித்தவன் என்று திட்டிய நாளெல்லாம் ஞாபகம் வந்தது.

"எப்பருந்துடா?"

"பத்து வயசுல இருந்துப்பா."

"பத்து வயசுலயா! ஆண்டவரே! எப்புடிடா? காய்ச்சலா?"

கஜீபன் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"யாரோ ஓங்கி அறைஞ்சிட்டாங்களாம் மாமா," என்றாள் தினுஷா. "யாருன்னு மட்டும் என்கிட்டகூடச் சொல்ல மாட்டேங்கிறாரு."

"எந்தப் படுபாவிடா அவன்? பச்சப் புள்ளைய இப்புடியா அடிப்பான்? அவன் கை வெளங்குமா? பேரச் சொல்லுடா! இன்னைக்கே போய் அவன் சட்டையப் புடிச்சிக் கேக்குறேன்!"

சவரிமுத்து குடையோடு வாசலுக்குத் திரும்பினார். கஜீபன் கிட்டே வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்கப்பா. செபத்தப் பிழையா சொன்னேன்னு ஏதோ ஒரு கோவத்துல அடிச்சிட்டீங்க. காது போயிரும்னு தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பீங்களா?"