இறுக்கிப் பிடித்த கை

பத்து விரல்களுக்கும் உணர்ச்சி திரும்ப என்ன விலை என்று கேட்டால், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் அக்கா இந்த நிமிடம் தன் கடையையே எழுதிக் கொடுத்துவிடுவாள். பைக் பந்தய மண் தடத்தின் ஓரம், தான் ஓட்டிவிட்டு இறங்கிய சேறு அப்பிய பைக்கின் நிழலில், கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முன்கைத் தசை கல்லாய் இறுகி நிற்கிறது. விரல்கள் வேறு யாருடையவையோ போலக் கிடக்கின்றன. மெக்கானிக் தம்பி அவள் கையுறைப் பட்டையைச் சர்ரென்று பிரிக்கிறான். "குட்டித் திருகாணியைப் பிடிக்கிற மாதிரி ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கே. அது கீழே விழுந்து தொலைஞ்சு போயிடாதுக்கா! முட்டியால டேங்கைக் கவ்விக்கோ, கையைத் தளர விடு." "நாளைக்குக் கடை தொறக்கணும்டா. விரலே மரத்துப் போனா எதை வச்சு வேலை பார்ப்பேன்?" "வாயை வச்சுத்தான். வாடிக்கைக்காரங்களுக்கு அது பழக்கம்தானே." அவன் அவளுடைய முன்கைகளை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி நீவிக்கொண்டே இருக்கிறான். தூரத்தில் எஞ்சின்கள் இரைகின்றன; மாலை வெயிலில் புழுதி பொன்னாய் இறங்குகிறது. "ஐயோ, விரலெல்லாம் எறும்பு ஊருதுடா!" என்று திடீரென்று கத்துகிறாள், கத்தியபடியே சிரிக்கிறாள். டயரின் வால்வு மூடியைக் கழற்றி இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்க்கிறாள். அதன் மெல்லிய வரிகள்கூட விரல் நுனிக்குத் தெரிகின்றன. தம்பி ஒவ்வொரு விரலாகக் கிள்ளிக் கணக்கெடுக்கிறான்: வலது கையில் ஐந்தும் வரவு, இடது கையில் நான்கு, சுண்டுவிரல் மட்டும் பாக்கி.